மூன்று டிரைவர், ஒரே எஸ்எம்சி அழைப்பு: நான் பட்ட பாடு

ஒருவழியாகப் பேட்ச் (கெர்னல் கோடில் நான் செய்த மாற்றம்) உள்ளே போய்விட்டது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆர்ம் போர்டில் கெர்னல் வேலை பார்க்கிறவர்கள் இதே அலைச்சலைப் படக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஃபியூஸ், கிளாக், வாட்ச்டாக் என்று எங்களிடம் மூன்று டிரைவர்கள். சிப்பின் பாதுகாப்பான பகுதியில் ஓடும் செக்யூர் ஃபர்ம்வேரை எஸ்எம்சி என்ற சிபியு கட்டளையால் கூப்பிடுகின்றன. அதற்கு ஆளுக்கொரு இன்லைன் அசெம்பிளி, அதாவது சி கோடுக்குள்ளேயே நேரடியாக எழுதிய சிபியு கட்டளைகள். அதையெல்லாம் ஒரே இடைமுகமாக்க வேண்டும். லினக்ஸில் 2016-ல் வந்த 4.5 பதிப்பிலேயே இதற்கான பொது ஃபங்ஷன் இருக்கிறது. கோடு எழுதுவது பெரிய வேலையாக இல்லை.

ஃபங்ஷன் ஐடி பட்டியல்தான், அதாவது ஃபர்ம்வேரிடம் எந்தச் சேவை வேண்டும் என்று சொல்லும் எண்களின் பட்டியல்தான் உயிரை வாங்கியது. சிப் விற்றவர்கள் அந்த ஆவணத்தை மெயிலில் தரமாட்டார்களாம், நேரில் வரவேண்டுமாம். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் கிளம்பி, சில்க் போர்டு நெரிசலில் நின்று, ஒயிட்ஃபீல்டு போய்ச் சேர்ந்தால், "உங்க என்டிஏ போன மாசமே முடிஞ்சிருச்சு சார், புதுசு கொண்டு வாங்க" என்கிறார்கள். என்டிஏ என்றால் ரகசியம் காக்கும் ஒப்பந்தம். போனில் பேசியபோதே இதைச் சொல்லியிருக்கலாம். கிளம்பும் முன் உங்கள் லீகல் ஆட்களிடம் என்டிஏ தேதியைப் பாருங்கள். என்னென்ன பேப்பர் வேண்டும் என்று எதிர்த்தரப்பிடம் மெயிலில் எழுதி வாங்குங்கள்.

ஆவணம் கைக்கு வந்ததும் ஒரு பழைய வழக்கு தீர்ந்தது. ஃபியூஸ் டிரைவர் அவ்வப்போது கிராஷ் ஆகும், காரணமே பிடிபடாது. அந்த ஃபர்ம்வேர் எஸ்எம்சிசிசி (எஸ்எம்சி அழைப்புக்கு ஆர்ம் வகுத்த விதிகள்) 1.0 பதிப்பின்படி எழுதியதாம். 1.0-ல் எக்ஸ்4 முதல் எக்ஸ்17 வரை ரெஜிஸ்டர்களை (சிபியு-வின் உள் சேமிப்பிடங்கள்) ஃபர்ம்வேர் கலைத்துவிடலாம், 1.1-ல்தான் அவை அப்படியே திரும்பி வரும். பழைய அசெம்பிளியோ எக்ஸ்0 முதல் எக்ஸ்3 வரைதான் கலையும் என்று கம்பைலரிடம் சொல்லியிருந்தது. கம்பைலர் அதை நம்பி ஒரு பாயிண்டரை எக்ஸ்9-ல் வைக்க, அழைப்பு முடிந்து வரும்போது அதில் குப்பை. டிஸ்அசெம்பிளியைக் காட்டியதும், "அண்ணே, இதுக்கா போர்டையே மாத்தினோம்!" என்றான் பக்கத்து சீட் தம்பி. பொது ஃபங்ஷனில் இது சாதாரண ஃபங்ஷன் கால் என்பதால் கம்பைலரே அந்த ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு கிராஷ் இல்லை.

ரிவ்யூவில் வேறொரு இழுபறி. எரர் நம்பர்களையும் பொது அடுக்கிலேயே லினக்ஸ் நம்பராக மாற்றிவிடு என்றார்கள். நான் விடவில்லை. பிஎஸ்சிஐ (சிபியு-வை எழுப்ப, அணைக்க ஆர்ம் வகுத்த இடைமுகம்), எஸ்எம்சிசிசி இரண்டிலும் -1 என்றால் 'ஆதரவில்லை'. ஆனால் -2, பிஎஸ்சிஐ-யில் தவறான பாராமீட்டர். எஸ்எம்சிசிசி-யின் ஆர்க்கிடெக்சர் அழைப்புகளில் 'தேவையில்லை', அது கோளாறே கிடையாது. -3 பிஎஸ்சிஐ-யில் 'மறுக்கப்பட்டது', எஸ்எம்சிசிசி-யில் தவறான பாராமீட்டர். பொது அடுக்கு எதை வைத்து முடிவு செய்யும்? அழைப்பைக் கொண்டுபோய்ப் பதிலைக் கொண்டுவருவதோடு அதன் வேலை முடிய வேண்டும். பதிலுக்கு அர்த்தம் சொல்வது அந்தந்த டிரைவரின் பொறுப்பு. இந்த அட்டவணையைத் திரையில் போட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். 32-பிட் அழைப்பின் பதிலில் கீழ் 32 பிட்டை மட்டும் நம்புங்கள். இன்ட் ஆக மாற்றிவிட்டு நெகட்டிவா என்று பாருங்கள், இல்லையென்றால் -1 பெரிய பாசிட்டிவ் எண்ணாகத் தெரியும். எஸ்எம்சி-யா, ஹைப்பர்வைசரைக் கூப்பிடும் எச்விசி கட்டளையா என்பதை பூட்டின்போது டிவைஸ் ட்ரீயை (போர்டின் ஹார்டுவேர் விவரப் பட்டியல்) பார்த்து ஒரே தடவை முடிவு செய்யுங்கள், டிரைவர்கள் கையில் விடாதீர்கள். எங்கள் வாட்ச்டாக் டிரைவரில் எஸ்எம்சி என்று கெட்டியாக எழுதி வைத்திருந்ததால், ஹைப்பர்வைசருக்குள் (விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் மென்பொருள்) ஏற்றியதும் அது எழும்பவே இல்லை.