கூடுதல் மூட்டை யாருக்கு? – வேளாண் நவீனமயமும் பொருளாதாரச் சீர்திருத்தமும் படித்த அனுபவம்

வளர்ச்சிப் பொருளியல் தாளில் முதல் முறை என்னைக் கவிழ்த்தது இந்தப் பகுதிதான். சுலபம் என்று எண்ணிக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்திருந்தேன். வளரும் நாட்டில் வேளாண்மையை நவீனப்படுத்துவது, பொருளாதாரத்தைச் சீர்திருத்துவது என்று பாடத்திட்டத்தில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். நான் இரண்டுக்கும் தனித்தனி நோட்டு போட்டேன். ஒன்றில் வீரிய விதை, உரம், பாசனம், டிராக்டர், கடன். மற்றதில் தாராளமயம், தனியார்மயம், அந்நிய முதலீடு. மாதிரித் தேர்வில் 20க்கு 7 வந்தது.

விடைத்தாளின் ஓரத்தில் பேராசிரியை சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "கூடுதலாக விளைந்த மூட்டை யாருக்குப் போனது?" நான் வரிசை போட்டு எழுதியிருந்த எட்டு அம்சங்களில் ஒன்றுகூட அதற்குப் பதில் சொல்லவில்லை. நேரில் கேட்டபோது, "எழுதினது எதுவும் தப்பில்லப்பா. ஆனா ஒரு விவசாயி எதுக்காக இதையெல்லாம் செய்யணும்னு எங்கயுமே இல்லையே" என்றார். அடுத்த ஆறு மாதம் நான் படித்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான். இந்தப் பகுதியை இப்போது எடுத்துப் படிப்பவர்களுக்கு அந்த வழியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1978ஆம் ஆண்டின் இறுதியில் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 குடும்பங்கள் ரகசியமாக ஓர் ஒப்பந்தத்தில் கைரேகை வைத்தன. கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்குரிய ஒதுக்கீட்டைத் தவறாமல் செலுத்துவது, மீதியை அவரவர் வைத்துக்கொள்வது என்பது ஏற்பாடு. விஷயம் வெளியே தெரிந்து தலைவர்கள் சிறைக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்பதாகவும் உறுதி கொடுத்துக்கொண்டார்கள். இந்தக் கதையைப் பல மாணவர்கள் எழுதுவார்கள், கதையாகவே விட்டுவிடுவார்கள். அதற்குள் இருக்கும் கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் மதிப்பெண்.

நான் போட்ட கணக்கு இது. ஒரு கூட்டுப் பண்ணைக் குழுவில் 20 குடும்பங்கள் என்று வையுங்கள். விளைந்தது பொதுவில் சேர்ந்து, செய்த வேலைக்குத் தரும் புள்ளிப்படி பிரிகிறது. நான் இருட்டும் வரை களையெடுத்து ஒரு மூட்டை அதிகம் விளைவித்தால் என் பங்குக்கு வருவது ஏறத்தாழ மூட்டையின் இருபதில் ஒரு பங்கு. சியாவ்காங் செய்ததைப் போன்ற ஏற்பாட்டை அரசே ஏற்று நாடெங்கும் பரப்பிய 'குடும்பப் பொறுப்பு முறை' வந்தபின், ஒதுக்கீட்டைச் செலுத்திய பிறகு விளையும் அந்த ஒரு மூட்டை முழுதும் என் வீட்டுக்கு வருகிறது. நிலம், விதை, மண்வெட்டி எல்லாம் அதேதான். உழைப்பின் கடைசி மணி நேரத்துக்குக் கிடைக்கும் பலன் மட்டும் 20 மடங்கு கூடிவிட்டது. சீனாவின் தானிய உற்பத்தி 1978இல் சுமார் 30.5 கோடி டன்னாக இருந்து 1984இல் சுமார் 40.7 கோடி டன்னாக ஏறியது. கணக்கைச் சொல்லிவிட்டு இந்த எண்ணைச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் சொன்னால் அது பொது அறிவு வினாவுக்கான பதிலாகத்தான் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஏற்றம் முழுவதையும் குடும்பப் பொறுப்பு முறையின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது. 1979இல் அரசு தானியக் கொள்முதல் விலையையும் நன்றாக உயர்த்தியது. உரப் பயன்பாடும் கூடியது. பொருளியலாளர் ஜஸ்டின் யிஃபு லின் 1992இல் வெளியிட்ட ஆய்வு, அந்த ஆறாண்டு விளைச்சல் வளர்ச்சியில் ஏறத்தாழப் பாதிக்குக் குடும்பப் பொறுப்பு முறை காரணம் என்று மதிப்பிட்டது. 1985இல் தானிய உற்பத்தி குறையவும் செய்தது. ஊக்கம் மாறுவதால் வரும் ஏற்றம் ஒருமுறைதான் வரும், அதற்குப் பிறகு விதையும் நீரும் ஆராய்ச்சியும் வேண்டும். இந்த ஒரு பத்தியைச் சேர்த்த பிறகுதான் என் விடைகளில் 'நன்று' என்ற சொல் வர ஆரம்பித்தது.

அடுத்தது வியட்நாம். 1986 டிசம்பர், ஆறாவது கட்சி மாநாடு, 'தொய் மொய்' என்ற புதுப்பித்தல் கொள்கை என்று ஒரு தேதியை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். நான் ஒரு பெரிய தாளில் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்: 1981இல் கூட்டுறவுக்குள்ளேயே குடும்பங்களுக்கு விளைபொருள் ஒப்பந்தம், 1986இல் மாநாடு, அந்த ஆண்டு பணவீக்கம் 700 விழுக்காட்டுக்கு மேல், 1988இல் குடும்பத்தையே உற்பத்தி அலகாக்கிய 'தீர்மானம் 10', 1989இல் விலைகள் விடுவிப்பு, நாணய மதிப்புக் குறைப்பு, 1993இல் நிலச் சட்டம், ஓராண்டுப் பயிர் நிலத்துக்கு 20 ஆண்டு பயன்பாட்டு உரிமை. 1988இல் உணவுப் பற்றாக்குறையில் தவித்த நாடு 1989இல் 10 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. தாளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்று பிடிபட்டது. 1988க்கும் 1989க்கும் நடுவில் வயலில் நடந்தது பாதிதான். மீதிப் பாதி விலையிலும் நாணய மாற்று விகிதத்திலும் நடந்தது.

நாணய மாற்று விகிதம் விவசாயியின் மீது விழும் மறைமுக வரி என்பதை நான் புரிந்துகொண்டது கானாவைப் படித்தபோது. எல்லாப் பகுதியிலும் நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான், அதற்கு வருத்தமே இல்லை. கானாவின் கோகோ உற்பத்தி 1960களின் நடுவில் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. 1983–84இல் அது 1.6 லட்சம் டன் அளவுக்கு விழுந்தது. வறட்சியும் காட்டுத்தீயும் அந்த ஆண்டைக் கூடுதலாகக் கெடுத்தன என்பது உண்மை. ஆனால் சரிவு அதற்குப் பல ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. கோகோவை வாங்கும் உரிமை அரசு வாரியத்திடம் மட்டும் இருந்தது. வாரியம் டாலரில் விற்றது. அதிகாரபூர்வ விகிதம் ஒரு டாலருக்கு 2.75 செடி (கானாவின் நாணயம், cedi). கறுப்புச் சந்தையில் டாலரின் விலை அதைப் போலப் பல மடங்கு.

இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு மூட்டை கோகோ உலகச் சந்தையில் 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரபூர்வ விகிதத்தில் அது 275 செடி. அதிலும் வாரியம் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் விவசாயிக்குக் கொடுக்கிறது. அந்தப் பணத்தை வைத்து அவர் வாங்கும் துணியும் மண்ணெண்ணெயும் கறுப்புச் சந்தை விலையில் வருகின்றன. எந்தச் சட்டத்திலும் இதற்கு வரி என்று பெயர் இல்லை, ஆனாலும் மூட்டையின் பெரும்பகுதி போய்விட்டது. அதனால்தான் கோகோ எல்லை தாண்டி அண்டை நாடான கோட் டிவோருக்கு (ஐவரி கோஸ்ட்) கடத்தப்பட்டது, கிழட்டு மரங்களுக்குப் பதில் புதுக் கன்றுகள் நடப்படவில்லை. 1983இல் தொடங்கிய சீர்திருத்தம் செடியின் மதிப்பைக் குறைத்து விவசாயிக்கான கோகோ விலையை ஏற்றியதும் உற்பத்தி திரும்ப ஏறத் தொடங்கியது. 'பேரினப் பொருளியல் சீர்திருத்தம் வேளாண்மையை எப்படித் தொடுகிறது?' என்று கேள்வி வந்தால் எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

இந்தியாவின் வரிசை வேறு. அங்கே கூட்டுப் பண்ணை இல்லை, மூட்டை ஏற்கெனவே குடும்பத்தினுடையது. அதனால் தொழில்நுட்பமும் விலையும் முதலில் வந்தன. 1965இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலை ஆணையமும் அமைந்தன. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை வந்தது. பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐஆர்8 நெல்லை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். பசுமைப் புரட்சி என்றதும் சி.சுப்பிரமணியம், எம்.எஸ்.சுவாமிநாதன், நார்மன் போர்லாக் பெயர்களை எல்லோரும் எழுதுவார்கள். விதையோடு விலை உத்தரவாதமும் கொள்முதலும் சேர்ந்து வந்ததால்தான் விவசாயி கடன் வாங்கி உரம் போடத் துணிந்தார் என்று நீங்கள் எழுதுங்கள். அதே உத்தரவாதம் பஞ்சாபைக் கோதுமை, நெல் என்ற இரண்டு பயிருக்குள் அடைத்து நிலத்தடி நீரை இறக்கிவிட்டதையும் விடாதீர்கள்.

1991 ஜூலையில் நாணய மதிப்புக் குறைப்பும் புதிய தொழில் கொள்கையும் வந்தன. அது தொழிலிலும் வணிகத்திலும் தொடங்கிய சீர்திருத்தம். வேளாண் சந்தை பெரும்பாலும் மாநிலங்களின் கையிலேயே இருந்தது. 2020இல் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தன, ஓராண்டுக்கும் மேல் போராட்டம் நடந்தது, 2021 நவம்பரில் அவை திரும்பப் பெறப்பட்டன. இதை எழுதும்போது சட்டம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லப் போகாமல், யார் எதை இழந்துவிடுவோம் என்று அஞ்சினார்கள் என்று எழுதினேன். சீர்திருத்தத்தில் இழப்பவர் யார், அவருக்கு ஈடு என்ன என்பதைப் பலரும் தொடுவதே இல்லை. இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதுதான்.

கோட்பாட்டுக்கு இரண்டு பொருளியலாளர்கள் போதும். ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதிய கட்டுரையில், மரபு வேளாண்மையில் தேவைக்கு அதிகமாக ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தொழில்துறை ஈர்த்துக்கொள்ளும்போது வளர்ச்சி நடக்கிறது என்றார். தியோடர் ஷுல்ட்ஸோ ஏழை விவசாயி தன்னிடம் இருப்பதைத் திறமையாகவே பயன்படுத்துகிறார், அவருக்குக் கிடைக்காதவை புதிய தொழில்நுட்பமும் கல்வியும்தான் என்றார். இருவருக்கும் 1979இல் ஒன்றாகவே நோபல் பரிசு கிடைத்தது. யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே என்று நான் முதலில் திணறினேன். வயலுக்குள் நடப்பதை ஷுல்ட்ஸும், ஆட்கள் வயலை விட்டு வெளியேறுவதை லூயிஸும் விளக்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் இருவரும் ஒரே விடையில் இடம் பிடிப்பார்கள்.

லூயிஸை எண்ணில் காட்ட ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் வேளாண்மையின் பங்கு மொத்த மதிப்புக் கூட்டலில் (எல்லாத் துறைகளும் சேர்ந்து உருவாக்கும் மதிப்பில்) சுமார் 18 விழுக்காடு, வேலை செய்வோரில் சுமார் 46 விழுக்காடு. 18ஐ 46ஆல் வகுத்தால் 0.39. மற்ற துறைகளுக்கு 82ஐ 54ஆல் வகுத்தால் 1.52. ஆக, வேளாண்மைக்கு வெளியே ஒரு தொழிலாளி உருவாக்கும் மதிப்பு ஏறத்தாழ 4 மடங்கு. மூன்று வரியில் இதைப் போட்டுவிட்டு, விளைச்சலைக் கூட்டினால் மட்டும் இந்த இடைவெளி மூடாது, ஆட்கள் நகர வேலை வேண்டும் என்று எழுதினால், இரண்டு நோட்டுகளும் ஒன்றாகிவிடும். சீனாவில் 1980களில் ஊர்ப்புறத் தொழிற்சாலைகள் செய்தது இதைத்தான்.

இன்னொரு பொதுவான தவறு, நவீனமயம் என்றாலே டிராக்டர் என்று எழுதுவது. விதையும் உரமும் ஏக்கருக்கு விளைச்சலைக் கூட்டும், அரை ஏக்கர்காரரும் கால் மூட்டை வாங்கலாம். டிராக்டர் ஆளுக்கு விளைச்சலைக் கூட்டும், அதைப் பாதியாக வாங்க முடியாது, வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். நிலம் குறைந்த ஜப்பான் முதல் வழியிலும், நிலம் மிகுந்த அமெரிக்கா இரண்டாம் வழியிலும் போனது அதனால்தான். கேள்வியில் சொல்லப்படும் நாட்டில் பஞ்சம் நிலத்துக்கா ஆளுக்கா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

மேலிருந்து அவசரமாக வரும் மாற்றத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் இலங்கை 2021. ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதித் தடை அறிவிக்கப்பட்டது, நவம்பரில் பின்வாங்கப்பட்டது. இடைப்பட்ட போகத்தில் நெல்லும் தேயிலையும் அடிபட்டன. இயற்கை வேளாண்மை கூடாது என்பதற்கு இதைச் சான்றாக எழுதாதீர்கள். மாற்று உரம் தயாராகாமல் ஒரே போகத்தில் நாடு முழுக்க மாற்றியதுதான் பிரச்சினை.

இரண்டாம் முறை தேர்வில், 'வேளாண்மையில் தொடங்காத சீர்திருத்தம் நிலைக்குமா?' என்ற பொருளில் 20 மதிப்பெண் கேள்வி வந்தது. எழுதத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, கடைசிப் பக்கத்தில் மூன்று நாடுகளின் பெயரைப் போட்டு ஒவ்வொன்றுக்கும் கீழே 'மூட்டை யாரிடமிருந்து யாரிடம்?' என்று ஒரு வரி குறித்துக்கொண்டேன். சீனாவுக்கு 'குழுவிலிருந்து குடும்பத்துக்கு', கானாவுக்கு 'வாரியத்திலிருந்து விவசாயிக்கு', இந்தியாவுக்கு 'மூட்டை வீட்டில்தான், விதையும் விலையும் புதிது'. விடையை நாட்டுவாரியாக எழுதாமல் அந்த மூன்று வரிகளின் வழியே எழுதினேன். நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது, இழப்பவருக்கு ஈடு தருவது பற்றிய பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். அதை முழுதாக முடித்துவிட்டுத்தான் தாளைக் கட்டினேன்.