ஒரே பதிவில் 8ஆம் கிரேடு: ஒலிப்பதிவுக் கூடத்தில் கற்றுக்கொண்டவை

பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம் நடத்தும், வாசிப்பை வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பும் வயலின் 8ஆம் கிரேடு பெர்ஃபார்மன்ஸ் தேர்வின் முடிவு நேற்று வந்தது. 150க்கு 131. டிஸ்டிங்ஷனுக்கு 130 வேண்டும் என்பதால், மிஞ்சி நின்ற அந்த ஒரு மதிப்பெண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்ற முறை வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பி 116 பெற்றேன். உருப்படிகளுக்குத் தனித்தனியாகத் தருவது போக, நிகழ்ச்சியை முழுமையாகப் பார்த்துத் தரும் 30 மதிப்பெண்ணில் அப்போது 21, இம்முறை 27. அந்த ஆறு மதிப்பெண்கள் எப்படி வந்தன என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

நான்கு உருப்படிகளையும் வெட்டாமல், ஒட்டாமல், ஒரே பதிவாக அனுப்ப வேண்டியிருப்பதால், பிசகிய இடத்தை மட்டும் மீண்டும் வாசித்துச் சேர்க்கும் ஸ்டூடியோ வசதி நமக்கு உதவாது. பிறகு எதற்குப் பணம் கொடுத்து அங்கே போவது என்று நானும் தயங்கினேன்.

சென்ற முறை வீட்டில் ஒவ்வொரு டேக் (நான்கையும் ஒருமுறை முழுதாக வாசித்த பதிவு) முடிந்ததும் உட்கார்ந்து கேட்டேன். ஒரு பிசகைக் கேட்டுவிட்டால், அடுத்த முறை அந்த இடம் நெருங்கும்போதே வில் பிடித்த கை இறுகியது. அதைக் காப்பாற்றப் போய் வேறோர் இடம் கெட்டது. பதினோராவது டேக்கை அனுப்பினேன். பிழைகள் குறைந்திருந்தன, ஆனால் ஒவ்வொரு சுரத்திலும் அச்சம் கேட்டது.

ஸ்டூடியோவில் முதல் டேக் முடிந்ததும் வழக்கம்போல ஹெட்ஃபோனை எடுக்கப் போனேன். ஒலிப்பதிவாளர், "நீங்கள் கேட்க வேண்டாம். நான் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன், நீங்கள் கையை ஆற்றிக்கொண்டு வாருங்கள்" என்றார். அன்று முழுவதும் ஒரு டேக்கையும் நான் கேட்கவில்லை. நேரம் போகிறது என்று அவர் ஒருமுறைகூட நினைவூட்டாததும், பியானோ வாசித்தவரோடு நான் தாளத்தைப் பேசி முடிக்கும்வரை கட்டுப்பாட்டு அறையில் அமைதியாகக் காத்திருந்ததும் அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தன. டேக்குகளுக்கு நடுவே கேட்காதீர்கள் என்பதே நான் உறுதியாகச் சொல்லும் ஒரே ஆலோசனை. கேட்டால்தான் மனம் அமைதியாகும் என்பவர்களும் உண்டு. நான் அப்படிப்பட்டவள் அல்லள்.

மற்றவை:

- இது தேர்வுப் பதிவு, எடிட்டிங் கூடாது என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.
- இரைச்சலுக்காக ஏசியை நிறுத்தினால் அறை சூடேறிச் சுருதி நகரும். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் சுருதி சேருங்கள்.
- கேமரா கோணத்தை முதலில் முடிவுசெய்யுங்கள். மைக் ஸ்டாண்ட் வில்லை மறைத்ததால் நாங்கள் அரை மணி நேரம் இழந்தோம்.
- மூன்று டேக்குகளுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

எந்த டேக்கை அனுப்புவது என்பதையும் ஒலிப்பதிவாளரின் குறிப்புகளை வைத்து என் ஆசிரியரே முடிவு செய்தார். மூன்றாவதை அனுப்பினோம். நேற்று இரவுதான் அதை முதன்முறையாகக் கேட்டேன். இரண்டாவது உருப்படியின் நடுவே ஒரு சுரம் தெளிவாகவே தவறியிருக்கிறது. அடுத்த வரியை நான் தயங்காமல் வாசித்திருக்கிறேன்.