பேரு தேடி வந்த ஆளு

இன்னைக்கு 2009 பெர்லின் நூறு மீட்டர் ஓட்டத்தை மறுபடி பாத்தேன். 9.58 செகண்ட். உசேன் போல்ட்! 'போல்ட்'னா இங்கிலீஷ்ல மின்னல்னும் அர்த்தம், பேர்லயே மின்னல், பாக்கப் பாக்க அவ்ளோ சந்தோஷம்.

நரம்பியல் டாக்டர் ரஸ்ஸல் பிரெய்ன் கூட இப்படித்தான், 1954லேர்ந்து அவர் எடிட்டரா இருந்த ஜர்னல் பேரும் 'பிரெய்ன்'!

ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது டென்னிஸ் ஆடுன மார்கரெட் கோர்ட், டென்னிஸ் ஆடுற களத்துக்கும் பேரு 'கோர்ட்'தானே!

பொறந்தப்ப அவங்க மார்கரெட் ஸ்மித், 1967ல கல்யாணம் ஆகித்தான் கோர்ட் ஆனாங்க, அதுக்கு முன்னாடியே டென்னிஸோட பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்ல 13 ஒற்றையர் பட்டம் கையில இருந்துச்சு, அப்புறம் இன்னும் 11.

பேருதான் ஆளை ஒரு வேலைக்கு இழுத்துட்டுப் போகுதுன்னு சிலர் சொல்றாங்க. இவங்க விஷயத்துல எனக்கு அது ஒத்துக்கவே முடியல, உழைச்சு அத்தனை பட்டம் ஜெயிச்சப்புறம்தான் பேரு தானா தேடி வந்து ஒட்டிக்கிச்சு.