இருவருக்கு உறைந்த சாப்பாடு: மெனுவுக்கு முன் ஃப்ரீசர்

இருவருக்கும் வேலை, இருவருக்கும் அடுப்படி ஆகாது. இப்படிப்பட்ட வீட்டுக்கு, சமைத்து உறையவைத்த சாப்பாட்டை வாசலுக்கே வரவழைப்பது நல்ல ஏற்பாடு. சமைக்கப் பிடிக்காததற்காகக் கூச வேண்டியதில்லை. தைக்கத் தெரியாமலேதான் நம்மில் பலர் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறோம். சந்தா கட்டிவிட்டுச் சில வாரங்களில் நிறுத்துபவர்களைக் கேட்டால் "ருசி சரியில்லை" என்பார்கள். கொஞ்சம் துருவினால் வேறு கதை வரும். நடுவில் ஜில்லென்று இருந்தது, ஓரம் காய்ந்து தோலாகிவிட்டது, சோறு விறைத்திருந்தது, ஒருவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மற்றவருடைய ட்ரே சூடானது. இதெல்லாம் பெரும்பாலும் சமைத்தவர் கையில் நடந்த தவறல்ல. பெட்டி வாசலுக்கு வந்த பிறகு நம் வீட்டுக்குள் நடப்பது.

அதனால் எந்த நிறுவனம், என்ன மெனு என்று தேடும் முன் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஃப்ரீசரிடம் போங்கள். ஒரு ஆள் ட்ரே ஏறக்குறைய 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் 1.2 லிட்டர். வாரத்தில் ஐந்து இரவு, இருவருக்கு என்றால் 10 ட்ரே, 12 லிட்டர். இடுக்குகளில் வீணாவதையும் சேர்த்தால் 15 லிட்டர் காலி இடம் வேண்டும். லிட்டர் கணக்கு சரியாக வந்தும் டிராயரின் அகலம் ஒரு விரல் குறைந்ததால் ட்ரே உள்ளே போகாமல் நிற்பதுண்டு. சேவையின் பக்கத்தில் கொடுத்திருக்கும் அளவில் ஒரு அட்டையை வெட்டி உள்ளே வைத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

இடம் இருந்தால் போதாது, குளிரும் வேண்டும். பல ஃப்ரீசர்களின் கதவிலோ உள்பக்கத்திலோ நட்சத்திரக் குறி இருக்கும். ஒரு நட்சத்திரம் மைனஸ் 6 டிகிரி செல்சியஸ், இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. நான்கு நட்சத்திரம் என்றால் மைனஸ் 18ஐக் காப்பதோடு, புதிதாக வைப்பதை உறையவைக்கவும் திறன் உண்டு. உறைந்த சாப்பாட்டின் லேபிளில் இருக்கும் 'இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்' என்ற கணக்கு மைனஸ் 18ஐ வைத்துப் போட்டது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டி பல சமயம் அந்தக் குளிரைத் தொடுவதே இல்லை. அங்கே ட்ரே கல் மாதிரிதான் இருக்கும், ஆனால் தேதிக்கு வெகு முன்பே தரம் இறங்கியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு ஃப்ரீசர் தெர்மாமீட்டரை இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே வைத்து, மறுநாள் கதவைத் திறந்த உடனே பாருங்கள்.

சமைத்ததை நாமே டப்பாவில் போட்டு உறையவைத்தால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் பலன் வேறு. உணவில் இருக்கும் தண்ணீரின் பெரும்பகுதி மைனஸ் 1க்கும் மைனஸ் 5க்கும் இடையில்தான் பனிக்கட்டியாகிறது. அந்தப் பகுதியை வேகமாகக் கடந்தால் பனிப் படிகங்கள் பொடிப்பொடியாக அமையும். மெதுவாகக் கடந்தால் பெரிய படிகங்கள் வளர்ந்து காய்கறி, இறைச்சியின் செல்களைக் குத்திக் கிழிக்கும். உருகும்போது தண்ணீர் விட்டுத் தொளதொளவென்று ஆவது அதனால்தான். தொழிற்சாலையில் கடுங்குளிர்க் காற்றை வீசி அடித்து இதை வேகமாக முடிக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசருக்கு ஒரு டப்பாவை உறையவைக்கப் பல மணி நேரம் ஆகும். 1910களில், இன்று கனடாவில் இருக்கும் லாப்ரடாரில் தங்கியிருந்த அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, அந்தக் குளிரில் பிடித்தவுடனே உறைந்த மீன் உருகிய பிறகும் புதிதுபோல் இருந்ததைக் கவனித்தார். இன்றைய உறைந்த உணவுத் தொழிலுக்கு விதை அது. தொழிற்சாலை கஷ்டப்பட்டுப் பொடியாக்கிய அந்தப் படிகங்களை, பாதி உருகவிட்டு மறுபடி உறையவைத்து நாம் பெரிதாக்கிவிடக் கூடாது. பெட்டியை வாங்கும் முறையில் இவ்வளவு கவனம் கேட்பது இதற்காகத்தான்.

டெலிவரி நேரத்தை இருவரில் ஒருவராவது வீட்டில் இருக்கும் வேளைக்கு வையுங்கள். காலையில் வந்த தெர்மாகோல் பெட்டி மாலை வரை வாசலில் கிடந்தால், உள்ளே இருக்கும் ஐஸைப் பொறுத்துத் தப்பிக்கலாம், தப்பிக்காமலும் போகலாம். முதல் நாளே ஃப்ரீசரில் இடம் ஒழித்து வைத்திருந்தால் பெட்டியைத் திறந்து உள்ளே அடுக்க ஐந்து நிமிடம் போதும். அடுக்கும்போதே ஒவ்வொன்றையும் பாருங்கள். குழம்பு ஒரு மூலைக்குச் சரிந்து அப்படியே உறைந்திருந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மேலே ஒட்டிய பிலிமுக்குள் பஞ்சுபோல் பனி நிறைய இருந்தால் குளிர் ஏறி இறங்கியிருக்கிறது. அழுத்தினால் மெத்தென்று அமுங்குவதை உள்ளே வைக்காமல் படம் எடுத்து அன்றே புகார் செய்யுங்கள். பெட்டியில் டிரை ஐஸ் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அது மைனஸ் 78 டிகிரி, தோலைச் சுட்டுவிடும். அது கரியமில வாயுவாக மாறிக் காற்றில் கலப்பதால் ஜன்னலைத் திறந்து வைத்து, காற்றோட்டமான இடத்தில் தானாகக் கரைய விடுங்கள். மூடிய டப்பாவில் போட்டால் வெடிக்கும்.

இனி மைக்ரோவேவ். இருவர் வீட்டில் பாதிச் சண்டை இங்கேதான்.

முதலில் வாட் கணக்கு. லேபிளில் 700 வாட், 6 நிமிடம் என்று இருந்து உங்களுடையது 500 வாட் என்றால், 700ஐ 6ஆல் பெருக்கி 500ஆல் வகுக்க வேண்டும். 8.4 வரும், அதாவது 8 நிமிடம் 24 நொடி. பார்க்க வேண்டியது சமைக்கும் வாட். பின்பக்கத் தகட்டில் இருக்கும் மின்சார வாட் அதைவிடப் பெரிய எண், அதை எடுத்துக்கொண்டால் சாப்பாடு அரைகுறையாகத்தான் சூடாகும். 1000 வாட் இருக்கிறதே என்று முழு வேகத்தில் ஓட்டுவதும் தவறு. மைக்ரோ அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், பனிக்கட்டி மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஓரத்தில் கொஞ்சம் உருகியதும் அந்த ஈரம் சூட்டை எல்லாம் வாங்கிக் கொதிக்கத் தொடங்க, நடுவில் பனிக்கட்டி அப்படியே கிடக்கும். 1000 வாட் உள்ளவர்கள் பவரை 70 சதவீதத்தில் வைத்து லேபிளின் 6 நிமிடத்தையே ஓட்டலாம்.

ட்ரேயை மைக்ரோவேவுக்குள் சுழலும் தட்டின் விளிம்புப் பக்கமாக வையுங்கள், மையத்தில் வேண்டாம். பாதி நேரத்தில் வெளியே எடுத்து, கிளறக்கூடியதைக் கிளறுங்கள். முடிந்ததும் மூடியபடியே 2 நிமிடம் விடச் சொல்வது சம்பிரதாயத்துக்கு அல்ல. ஓரத்துச் சூடு நடுவுக்குப் பரவ அந்த நேரம் தேவை. ஆவி பறப்பதை நம்பாதீர்கள். நடுவில் 74 டிகிரி வந்திருக்க வேண்டும், அதைச் சொல்லக் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றால்தான் முடியும். உறையவைப்பது கிருமியை ஓரளவு முடக்கி வைக்குமே தவிர, எல்லாவற்றையும் கொல்லாது.

இரண்டு ட்ரேயை ஒன்றாக வைத்தால்? ஒரே அளவு சக்தி இரண்டுக்கும் பங்காகிறது, நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், சூடும் சீராக ஏறாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது வேண்டவே வேண்டாம். நடைமுறையில் ஒத்துவரும் வரிசை இது: முதல் ட்ரே 5 நிமிடம், எடுத்து மூடியபடி துண்டில் சுற்றி வையுங்கள். இரண்டாவது ட்ரே முழுதாக 6 நிமிடம். அது வெளியே ஆறிக்கொண்டிருக்கும்போது முதல் ட்ரேக்கு மேலும் ஒன்றரை நிமிடம். பதின்மூன்று, பதினான்கு நிமிடத்தில் இரண்டும் ஒரே சூட்டில் மேசைக்கு வரும்.

இன்னும் வேகமாக வேண்டுமென்றால் குழம்பு, இறைச்சி வகைகளை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகிய அந்தத் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகவும் அதே 80 கலோரிதான். ஃப்ரிட்ஜ் இரவெல்லாம் உருக்கிக் கொடுத்துவிட்டால் மைக்ரோவேவுக்குப் பாதி வேலைதான் மிச்சம், நேரமும் ஏறக்குறைய பாதி. இப்படி உருகியதை மறுநாளே சாப்பிட்டுவிட வேண்டும். உறைந்தபடியே சூடாக்கவும் என்று லேபிள் சொன்னால் அதை மீற வேண்டாம்.

சோற்றுக்கு மட்டும் இந்த யோசனை செல்லாது. வெந்த அரிசியின் மாவுச்சத்து மிக வேகமாக விறைப்பது ஃப்ரிட்ஜின் குளிரில்தான். ஃப்ரீசரில் அந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே சோறு உள்ள ட்ரே ஃப்ரீசரிலிருந்து நேராக மைக்ரோவேவுக்குப் போக வேண்டும். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்கினால் ஆவியில் மறுபடி மிருதுவாகும்.

மைக்ரோவேவ் அல்லாமல் கேக் சுடும் ஓவன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசைச் சிக்கலே இல்லை, இரண்டு ட்ரேக்கும் ஒரே நேரம். ட்ரே அதற்குரியதா என்று மட்டும் பாருங்கள். அலுமினிய ட்ரே ஓவனுக்கு ஏற்றது. ஓவனுக்கென்றே செய்த தடித்த பிளாஸ்டிக் ட்ரேயும் உண்டு, லேபிளில் எழுதியிருக்கும். மைக்ரோவேவ் என்று மட்டும் போட்டதை ஓவனில் வைத்தால் உருகி வழியும். 1950களில் அமெரிக்காவில் பரவிய உறைந்த இரவுச் சாப்பாடு அலுமினியத் தட்டில் வந்ததற்குக் காரணம், அன்று வீட்டில் இருந்தது ஓவன்தான்.

மெனுவுக்கு இப்போது வரலாம். கெட்டிக் குழம்பில் மூழ்கிய இறைச்சி, பருப்பு, பயறு, கீரை, பட்டாணி எல்லாம் உறைவதைத் தாங்கும். குழம்பு காற்றை அண்டவிடாததால் இறைச்சி காயாது. தனித்துண்டாக வரும் கோழி நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டு மணல்போல் நறநறக்கும், மசித்தது தேவலை. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகும். மொறுமொறு என்று விளம்பரம் செய்வதை மைக்ரோவேவில் சூடாக்கினால் நமுத்துத்தான் வரும், ஓவன் இல்லாதவர்கள் ஆசைப்பட வேண்டாம். வெள்ளரி போலப் பச்சையாகச் சாப்பிடும் காய்களை யாரும் உறையவைத்து அனுப்ப முடியாது. அதை மட்டும் தனியாக வாங்கி நறுக்கிக்கொள்ளுங்கள், அதைச் சமையல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லேபிளில் கலோரியைவிட உப்பைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. சோடியம் என்று மட்டும் போட்டிருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள், 800 மில்லிகிராம் சோடியம் 2 கிராம் உப்பு. ஒரு வேளைக்கு அதைத் தாண்டினால் நான் பட்டியலிலிருந்து நீக்குவேன். பசி அளவும் இருவருக்கும் ஒன்றாக இருக்காது. 300 கிராம் ட்ரே ஒருவருக்குச் சரியாக, மற்றவருக்குக் கொறிப்பாக இருக்கலாம். பெரிய ட்ரே தேடுவதைவிட, சோறோ ரொட்டியோ தனியாக உறையவைத்துக் கூடுதலாக வைத்துக்கொள்வது எளிது.

சந்தாவில் ஏழு இரவும் எடுக்காதீர்கள். வெளியே சாப்பிடும் நாள், பசியில்லாத நாள் என்று எப்படியும் இரண்டு கழியும். மிஞ்சும் ட்ரேக்கள் அடுத்த பெட்டிக்கு இடம் விடாது. நான்கு இரவுக்கு 8 ட்ரேயில் தொடங்கலாம். பல சேவைகளில் நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் அடுத்த பெட்டி தானாகக் கிளம்பிவிடும், நிறுத்தச் சொல்லும் கெடு டெலிவரிக்குப் பல நாள் முன்பே முடிந்துவிடும். அந்தக் கெடுவுக்கு முந்தைய நாளை இருவர் போனிலும் அலாரமாக வையுங்கள். ஒருவர் போனில் மட்டும் வைத்தால் "நீ பார்ப்பாய் என்று நினைத்தேன்" என்பதில் போய் முடியும்.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதுதான் வைத்தியம். நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஊருக்குப் போகும் முன் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் உறைந்து கிடந்தால் எல்லா ட்ரேயையும் குப்பையில் போட வேண்டியதுதான்.