சில்லுப் பலகையும் மில்லடிச் சீமெந்தும்

இந்தப் பலகை என்னிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் மிளகாய்த்தூள். போன வருடம் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கா குடும்பத்தோடு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். திரும்பும் நாளில் பெட்டியைத் தராசில் கொளுவினால் 25 கிலோ. கொண்டுபோகக்கூடியது 23. அம்மா வறுத்து இடித்த தூளையும் ஒடியல் மாவையும் வெளியே எடுப்பது பற்றி அந்த வீட்டில் யாரும் கதைக்கவே முடியாது. மருமகனின் ஸ்கேட்போர்ட்தான் வெளியே வந்தது. "மாமா, கவனமாக வைத்திருங்கள்" என்றான், அழுகையை அடக்கிக்கொண்டு.

கவனமாகத்தான் வைத்திருந்தேன், கட்டிலுக்குக் கீழே. ஒரு மழைநாளில் மின்சாரம் போய்விட, பொழுது போகாமல் இழுத்தெடுத்து ஒரு சில்லைச் சுண்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வயது 36, உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். உராய்வு இவ்வளவு குறைந்த ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

சில்லில் 52 மி.மீ., 99ஏ என்று அச்சடித்திருந்தது. முதலாவது விட்டம், மற்றது கடினத்தின் அளவு. வழவழப்பான கொங்கிறீற்றுக்கென்று செய்த சின்னக் கெட்டிச் சில்லு. எங்கள் ஒழுங்கையிலோ தாரைவிடச் சல்லிதான் அதிகம். மூக்குத்தி அளவு கல் ஒன்று முன்சில்லில் அகப்பட்டால் போதும், பலகை நின்றுவிடும், நான் நிற்கமாட்டேன். நியூட்டனின் முதலாம் விதியைப் பதினொரு வருடமாகக் கரும்பலகையில் எழுதி வந்தவன், அதை முழங்காலால் படித்தேன். 1970களில் பொலியூரேதேன் சில்லு வரும்வரை கலிபோர்னியாக்காரர் களிமண் சில்லில் ஓடினார்களாம். அவர்களுடைய முழங்கால்களை நினைத்துப் பார்க்கிறேன்.

அம்மா இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்றார். ஒலிம்பிக்கில் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் சேர்த்தார்கள், பெண்களுக்கான தெருப் பிரிவில் தங்கம் வென்றவர் ஜப்பானின் மொமிஜி நிஷியா. வயதைக் கேட்டார். 13 என்றேன். வெள்ளி வென்ற பிரேசில் பிள்ளைக்கும் அதே வயதுதான் என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

ஒழுங்கை சரிவராததால் தளம் தேடி அலைந்தேன். பிறந்து வளர்ந்த ஊரின் தரையை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. எந்தக் கடைவாசலில் தரை ஓடு பதித்திருக்கிறது, எந்த மதகு வீதியைவிட இரண்டு விரல் உயரம் என்றெல்லாம் இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வழவழவென்று தாரிட்ட காப்பெற் வீதிகள் அருமையானவை, ஆனால் மினிபஸ்களுக்கும் அவை அருமையானவை. விடிய ஐந்தரைக்குப் போனால் பஸ் இல்லை, நாய்கள் உண்டு. சைக்கிளைக் கண்டும் படுத்துக் கிடக்கும் நாய்க்கு இந்தக் கரகரச் சத்தம் என்ன பகையோ தெரியவில்லை. கடலோரமான பண்ணைப் பக்கம் காற்றுக்கு நல்லது, சில்லுக்குள் இருக்கும் பெயரிங்குக்குக் கூடாது. மிச்சம் இருக்கிற வழவழப்பான தளம் எல்லாம் ஒரு காவலாளியோடு சேர்ந்துதான் கிடைக்கிறது. ஒரு மண்டபத்தின் வாசலில் என்னைப் பிடித்தவர் என்னிடம் படிக்கும் பிள்ளையின் தகப்பன். ஏசவும் முடியாமல் விடவும் முடியாமல், "சேர், வேறு யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள்?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருக்கலாம்.

இந்த வருடத் திருவிழாவில் இன்னொரு ஆசை வந்தது. நல்லூரைச் சுற்றி 25 நாளும் வாகனம் விடமாட்டார்களே! போய்ப் பார்த்தால் வீதி நிறைய மணல் பரப்பியிருந்தது, அங்கப் பிரதட்சணம் செய்கிறவர்களுக்காக. அடியவர் உருளும் வீதியில் சில்லு உருட்ட நினைத்தவனுக்கு அது வேண்டியதுதான்.

அதற்குள் ஒரு சில்லு கிறீச்சிடத் தொடங்கியிருந்தது. சந்திச் சைக்கிள் கடை ஐயாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆணிமுனையால் மூடியை நெம்பி, பெயரிங்கைச் சுட்டுவிரலில் மாட்டிச் சுற்றினார். "இது 608. சின்ன மோட்டருக்குப் போடுகிற சாமான் தானே, தம்பி." சரிதான்: துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, தடிப்பு 7. உலகம் முழுக்க ஸ்கேட்போர்ட்டில் இதே அளவுதான். பால்மாப் பேணியில் மண்ணெண்ணெய் ஊற்றி எட்டையும் ஊறப்போட்டார். அடியில் பண்ணை மணல் படிந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிள் டைனமோவில் ஊருக்கு வானொலி கேட்கச் செய்த கை அது, என் பெயரிங்குக்கு மசியுமா? துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டுத் தந்தார். காசு வாங்கவில்லை. "இதில் பிறேக் எங்கே?" என்று மட்டும் கேட்டார். கால்தான் என்றேன். ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

இந்த விளையாட்டைத் தொடக்கியவர்கள் அலை இல்லாத நாளில் தெருச்சரிவில் இறங்கிய அலைச்சறுக்குக்காரர்கள். 1976இல் கலிபோர்னியா வரட்சியில் நீச்சல்தடாகங்கள் வற்றியபோது அவற்றின் வளைந்த சுவர்களில் ஏறினார்கள். எங்கள் குடாநாட்டில் சரிவு என்றால் மதகு, வற்றிய தடாகம் என்றால் கேணி. கேணிக்குப் படி உண்டு, வளைவு இல்லை. பார்க்காமல் சொல்லவில்லை.

அதனால்தான் எனக்கு ஸ்கேட்போர்ட்காரர் ரொட்னி மலனைப் பிடிக்கும். பலகையைக் கையால் தொடாமல் காலோடு மேலே எழும்பும் வித்தையை 1970களின் இறுதியில் ஃபுளோரிடாவின் அலன் கெல்ஃபண்ட் சரிவுச் சுவரில் கண்டுபிடித்தார். அவருடைய பட்டப்பெயர் ஒல்லி, வித்தைக்கும் அதுவே பெயர். (என் உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெயர்.) அதை 1980களின் தொடக்கத்தில் தட்டை நிலத்துக்குக் கொண்டுவந்தவர் மலன். பண்ணைவீட்டுக் கராஜில் தனியே பழகிய மனிதர். சரிவே இல்லாத ஊர்க்காரனுக்கு வேறு யார் குரு?

எனக்குக் கிடைத்த கராஜ், சித்தப்பாவின் ஓய்ந்துபோன அரிசி மில். அவித்த நெல்லைக் காயப்போட்டுக் காலால் துழாவித் துழாவி வழுக்கிய சீமெந்துத் தளம். சித்தப்பாவின் நிபந்தனை ஒன்றுதான்: தளத்தைக் கூட்டிவிட்டு ஏற வேண்டும். விளக்குமாற்றை அவரே எடுத்துத் தந்தார். அவர் சொல்லாவிட்டாலும் கூட்டியிருப்பேன், வெடிப்புக்குள் கிடக்கும் ஒரு நெல்மணி கல்லைவிட மோசம்.

ஒல்லியைக் கரும்பலகையில் விளக்குவது சுலபம். பின்காலால் வாலை நிலத்தில் அடிக்கிறோம், பலகை பின்னச்சில் திரும்பி மூக்கு நிமிர்கிறது, அதே கணத்தில் முன்காலின் சப்பாத்து பலகையின் மேலே ஒட்டிய அரத்தாளில் உரசி மேலே இழுக்க, உராய்வு வாலையும் தூக்கிவிடுகிறது. செய்யப்போனால் இரண்டு கால்களும் இரண்டு பேருடையவை. மூன்று கிழமையில் இடது சப்பாத்தின் சின்னவிரல் பக்கம் ஓட்டையாகிவிட்டது.

போன ஞாயிறு, காலை வகுப்புக்கு முன், நான்கு சில்லும் நிலத்தைவிட்டு எழும்பின. கடந்தகால வினாத்தாள் தொகுப்பின் தடிப்பளவு உயரம் இருக்கும், கூடச் சொல்லவில்லை. இறங்கியபோதும் நான் பலகைக்கு மேலேதான் நின்றேன். படலையடியில் என் மாணவர் மூன்று பேர், எவ்வளவு நேரமோ, சைக்கிளில் ஒற்றைக்கால் ஊன்றியபடி நின்றிருக்கிறார்கள். வெளிநாட்டில் ஒருவன் வித்தையைச் சரியாகச் செய்தால் மற்றவர்கள் தங்கள் பலகையை நிலத்தில் தட்டிப் பாராட்டுவார்கள். இவர்களிடம் பலகை ஏது? மூவரும் சைக்கிள் மணியை அடித்தார்கள்.

"சேர், இன்னொரு முறை" என்றான் ஒருவன். இன்னொரு முறை விழுந்தேன். அதற்கும் மணி அடித்தார்கள்.