அமா என்றால் நான்

ரங்கூன் பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்புக் கிடங்கில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். உளுந்து, துவரை, பச்சைப்பயறு. எங்கள் ஆட்கள் சாக்கில் குத்தூசியை விட்டுக் கொஞ்சம் உளுந்தை உருவி, உள்ளங்கையில் பரப்பி, ஒன்றைக் கடித்துப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அது வராது. என்னிடம் இருப்பது பேரேடும் வங்கிச் சீட்டுகளும் கன்டெய்னர் காகிதங்களும். ஒரு கன்டெய்னருக்கு 24 டன். ஐம்பது கிலோ மூட்டை என்றால் 480 மூட்டை.

இங்கே எல்லோருக்கும் நான் அக்கா. தமிழ் ஆட்கள் அக்கா என்பார்கள், பர்மியர்கள் 'அமா' என்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்த மூட்டைக்காரர்கூட அமா என்றுதான் கூப்பிடுகிறார்.

பர்மிய மொழியில் ஒரு வழக்கம் உண்டு. 'நான்' என்பதற்குப் பெண்கள் சொல்லும் சொல் 'ச்சமா'. ஆனால் பழகியவர்களிடம் பேசும்போது பெரும்பாலும் உறவுச் சொல்லையே அந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பது 'அமா பார்த்துக்கொள்கிறேன்' என்று ஆகிவிடும். தமிழில் சின்னப் பிள்ளைகளிடம் மட்டும் அப்படிப் பேசுவோம், இங்கே வேலையிடத்திலும் அதே பேச்சுதான். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, அன்று முழுக்க நான் ஒரு தடவைகூட 'நான்' என்று சொல்லவில்லை என்பது உறைத்தது.

தமிழும் இதில் குறைந்ததில்லை. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்றுதான் கூப்பிட முடியும். யார் மூத்தவர் என்று சொல்லாமல் உறவை மட்டும் சொல்லிக் கூப்பிட நம் வீடுகளில் சொல் கிடையாது. பர்மியத்தில் இன்னும் ஒரு பிரிவு கூட உண்டு. ஆணுக்குத் தம்பி 'ஞீ', பெண்ணுக்குத் தம்பி 'மவுங்'. ஒரே பையன், அண்ணனுக்கு ஒன்று, அக்காவுக்கு வேறொன்று.

எங்கள் குடும்பம் இந்த மண்ணில் தங்கியதே ஒரு அண்ணன் சொன்ன சொல்லால்தான். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். தாத்தாவின் அண்ணன் குடும்பத்தோடு சென்னைக்குப் போனார். போகும்போது தம்பியிடம், 'நீ இருந்து மாட்டையும் குத்தகை வயலையும் பாரு, நான் சொல்லி அனுப்புறேன்' என்றார். சொல்லி அனுப்பவே இல்லை. தாத்தா பெகு பக்கத்தில் அதே கிராமத்தில் இருந்து அங்கேயே கண்ணை மூடினார். 'உங்களுக்குப் போகணும்னு ஆசை இருந்துச்சா தாத்தா?' என்று ஒரு தடவை கேட்டேன். 'அண்ணன் இருக்கச் சொன்னாரு' என்றார். ஆசையைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று திரும்பச் சொன்னேன். அதற்கும் அதே பதில்தான் வந்தது.

நான் நாலு பேரில் மூத்தவள். எனக்குப் பதினாலு வயதில் அப்பா காய்ச்சலில் போனார். அம்மா ரைஸ் மில்லில் புடைக்கப் போனாள். வீட்டில் சோறாக்கியது, தங்கைக்குத் தலை பின்னியது, தம்பிகளின் பள்ளிக்கூட அட்டையில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான். இதைப் பெருமையாகத்தான் இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். இப்போதும் அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பதினாலு வயதுக்காரியைக் கிடங்கு வரை நான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்பதைப் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆனது.

எங்கள் முதலாளிகள் மூன்று பேரும் அண்ணன் தம்பிகள். பெரியண்ணன் முடிவெடுப்பார். நடு அண்ணன் மாண்டலே பக்கம் துவரை வாங்கப் போவார். சின்னண்ணன் லோடு ஏற்றுவது இறக்குவதைப் பார்ப்பார். அவருக்கு 2017-ல் நாற்பத்தேழு வயது, தலை பாதி நரைத்திருந்தது. அண்ணன்மார் அவரைக் 'குட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த வருடம் ஜூலையில் கிடங்கில் கூரை தொட உளுந்து அடுக்கியிருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் இந்தியாவில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய் வரை போனதைப் பார்த்து இங்கே விவசாயிகள் நிறையப் பயிர் செய்திருந்தார்கள், வியாபாரிகளும் நிறையப் பிடித்து வைத்திருந்தார்கள். இந்தியாவிலும் அதே விலையைப் பார்த்துத்தான் விதைத்தார்கள். 2015-16-ல் 1.6 கோடி டன் சொச்சமாக இருந்த அவர்களுடைய பருப்பு விளைச்சல் அடுத்த வருடம் 2.3 கோடி டன் ஆனது. சின்னண்ணன் சென்னை புரோக்கர்களிடம் தினமும் போனில் பேசுவார். ஒருநாள் மத்தியானம் வந்து சொன்னார்: 'அங்க உளுந்து ஆதார விலைக்கும் கீழ போகுதுண்ணே. கவர்மென்ட்டு சும்மா இருக்காது, இறக்குமதிய நிறுத்துவாங்க. இப்பவே பாதியத் தள்ளிடலாம்.'

பெரியண்ணன் கையில் இருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. 'லோடு இறங்கிடுச்சான்னு போய்ப் பாரு குட்டி' என்றார். சின்னண்ணன் போய்ப் பார்த்தார்.

நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து வர வேண்டிய பணம் ஒவ்வொரு வாரமும் பிந்திக்கொண்டே போவது என் பேரேட்டில் தெரிந்தது. அவர் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றியது. நானும் பேசவில்லை. அது அண்ணன் தம்பி விஷயம் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 5-ம் தேதி துவரைக்கு வருடத்துக்கு 2 லட்சம் டன் என்று இந்தியா வரம்பு கட்டியது. 21-ம் தேதி உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன். பயின்னவுங்கில் அன்றைக்கு யாரும் சாம்பிள் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. தேநீர்க் கடையில் ஆட்கள் போனை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு விழுந்த அடியிலிருந்து எழ மூன்று வருடம் ஆனது.

அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை வரவில்லை. வந்திருந்தால்கூட நல்லது என்று பிறகு நினைத்திருக்கிறேன். சில மாதம் கழித்து, 'ஏன் சின்னண்ணே, இன்னொரு தடவ அழுத்திச் சொல்லல?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அண்ணன் அப்படிச் சொன்னதும், நான் சொன்னது தப்பாத்தான் இருக்கும்னு எனக்கே தோணிடுச்சும்மா' என்றார். இத்தனைக்கும் கோயில் கமிட்டியில் அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு. கொத்தனாரிலிருந்து நாதஸ்வரக்காரர் வரை அவர் சொல்லுக்குக் காத்திருப்பார்கள். அங்கே அவருடைய அண்ணன்மார் இல்லை.

பெரியண்ணனின் மகள் சிங்கப்பூரில் உளவியல் படித்தாள். விடுமுறைக்கு வந்தபோது என் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து நிறையப் பேசுவாள். பிறந்த வரிசைதான் குணத்தை உண்டாக்குகிறது என்று ஆட்லர் என்ற வியன்னா மருத்துவர் நூறு வருடம் முன்னால் எழுதினாராம். அவரே இரண்டாவது பிள்ளை. 2015-ல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாட்டிலும் சேர்த்து 20,000 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்ததில், மூத்தவர் பொறுப்பானவர், கடைசிப் பிள்ளை கலகலப்பானவர் என்பதற்கெல்லாம் ஆதாரமே இல்லையாம். அறிவுத் திறனில் மட்டும் மிகச் சின்ன வித்தியாசம். முதலில் நான் நம்பவில்லை. என் வாழ்க்கை முழுவதையும் யாரோ அடித்துவிட்டது மாதிரி இருந்தது. பிறகு சின்னண்ணனை நினைத்துப் பார்த்தபோது அது சரியாகப்பட்டது. அவர் குணத்தில் பயம் கிடையாது. 'குட்டி' என்ற அந்த ஒரு கூப்பாடு கேட்கும் இடத்தில் மட்டும்தான் பயம். தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் அது எப்படித் தெரியும்?

அப்போதெல்லாம் பெரியண்ணன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. தம்பி பேச்சைக் காதில் வாங்காத மனிதர் என்று நினைத்தேன்.

2018 கடைசியில் என் பெரிய தம்பியின் மனைவி ஊரிலிருந்து போன் செய்தாள். அவன் மலேசியாவில் கிள்ளான் பக்கம் மரச்சாமான் தொழிற்சாலையில் இருந்தான். தொழிற்சாலை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது, இப்போதுதான் எனக்கே தெரியும் என்று அழுதாள். எட்டு மாதமும் அவன் மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறான். எல்லாம் கடன். ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னோடு பேசும்போது, 'வேல நல்லா போகுதுக்கா' என்றிருக்கிறான்.

'ஏன்டா என்கிட்ட சொல்லல?' என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

'சொன்னா நீ அன்னிக்கே கடன் வாங்கி அனுப்பிடுவ. அப்புறம் எல்லாம் உன் கைக்குப் போயிடும்க்கா' என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் எந்தப் பாடம் எடுப்பது என்று சொன்னது நான். மலேசியா ஏஜென்ட்டைப் பிடித்தது நான். பெண் பார்த்தது நான். அவனாக முடிவு செய்தது எது என்று தேடித் தேடிப் பார்த்தேன். வேலை போனதை மறைப்பது என்ற அந்த ஒன்றுதான் கிடைத்தது. என் தம்பிக்குத் தைரியமில்லை என்று இவ்வளவு நாளும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். எட்டு மாதம் அந்நிய ஊரில் ஒருத்தரிடமும் சொல்லாமல் சமாளித்திருக்கிறான்.

அதற்குப் பிறகுதான் கிடங்கில் நான் செய்த ஒன்று ஞாபகம் வந்தது. ஐராவதி டெல்டாவிலிருந்து ஒரு பெண் எனக்கு உதவியாக வந்திருந்தாள். நாலு அண்ணன்மாருக்குக் கடைசித் தங்கை. அவள் எழுதும் கணக்கில் தப்பு இருந்தால் அவள் போன பிறகு நானே திருத்திவிடுவேன். 'அமா பார்த்துக்கொள்கிறேன்' என்பேன். இரண்டு வருடத்தில் அவள் கற்றுக்கொண்டது மிகக் குறைவு, அவளுக்கு மூளை போதாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பிறகு வேறொரு கடைக்குப் போனாள். ஆறே மாதத்தில் அங்கே ஏற்றுமதிக் காகிதம் முழுவதையும் தனியாகப் பார்த்தாள். பாங்கில் என்னைப் பார்த்தபோது சந்தோஷமாகக் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

இப்போது இருக்கும் பையனிடம் தப்புள்ள பக்கத்தை மடித்துத் திருப்பிக் கொடுக்கிறேன். எங்கே என்று சொல்வதில்லை. சில நாள் இரவு ஏழு ஆகிவிடுகிறது. கை பரபரக்கும், அடக்கிக்கொள்கிறேன். கொஞ்ச நாள் 'அமா' என்பதை விட்டு 'ச்சமா' என்று பேசிப் பார்த்தேன். எனக்கு ஏதோ கோபம் என்று எல்லோரும் பயந்துவிட்டார்கள், அதனால் விட்டுவிட்டேன்.

தம்பி 2019-ல் ஊர் திரும்பினான். சொந்தமாக ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கி ஓட்டுகிறான். எந்த வண்டி, எவ்வளவு விலை என்று வாங்கிய பிறகுதான் சொன்னான்.

போன சித்திரைக்குப் போயிருந்தேன். பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவும் நம் வருடப் பிறப்பும் ஒன்றாக வருவதால் கிடங்குக்கு நீண்ட விடுமுறை. மழைக்கு முன்னால் அம்மா வீட்டுக் கூரைத் தகரத்தை மாற்ற வேண்டும். தம்பி ஏணி வைத்து ஏறி டேப்பால் அளந்து, சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு, 'முப்பத்தாறு தகரம் போதும்' என்றான். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடிக்கும் இடத்தை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பத்தெட்டு வேண்டும். எனக்கு அது மனதிலேயே வந்துவிட்டது.

வாயைத் திறந்தேன். 'ஏணியப் பிடிச்சுக்கவா தம்பி?' என்று கேட்டேன்.

'வேணாம்க்கா, நீ உட்காரு' என்றான். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.