அப்பாவை டிரையல்ல சேர்த்துக்கல, ஆனா புண்ணு ஆறிடுச்சு

முதல்ல பார்த்தது அம்மாதான். காலைல வாசல் பெருக்க வந்தவங்க, தரைல அப்பா கால் வச்ச இடமெல்லாம் லேசா சிவப்பா ஈரம் படிஞ்சிருக்கேன்னு பார்த்துட்டு, அப்பாவை உக்கார வச்சு காலைத் தூக்கிப் பார்த்தா வலது கட்டைவிரலுக்கு நேர் கீழ, ரொம்ப நாளா காய்ப்பு இருந்த அதே இடத்துல, ஒரு ரூபாய் காசு அளவுக்கு குழி. அப்பாவுக்கு வலியே தெரியல. 22 வருஷமா சுகர், கால் மரத்துப்போய் எவ்வளவு நாளாச்சோ. அதுக்கு முன்னாடி 31 வருஷம் பஸ் கண்டக்டரா நின்னே வேலை பார்த்த கால் அது.

அதுக்கப்புறம் அஞ்சு மாசம் பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்ல தினமும் கட்டு. ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஊத்துவாங்க, புஸ்ஸுன்னு நுரை வரும், அப்புறம் பீட்டாடின், காஜ், பிளாஸ்டர். ஆன்டிபயாட்டிக் மூணு தடவை மாத்தினாங்க. நடக்காதீங்கன்னு மட்டும் அந்த அஞ்சு மாசத்துல ஒருத்தரும் சொல்லல, கட்டு போட்டுக்கவே அப்பா தினமும் போக வர ரெண்டு கிலோமீட்டர் அந்தப் புண்ணு மேலயே நடந்திருக்கார், அது எனக்கும் அப்போ உறைக்கல. இப்ப நினைச்சாலும் வயித்தைப் பிசையுது.

சென்னைல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனப்பதான் டிரையல், அதாவது புது மருந்து வேலை செய்யுதான்னு ஆளுங்க மேல பரிசோதிச்சுப் பார்க்கிறது பத்தி சொன்னாங்க. சர்க்கரை புண்ணுக்கு மேல தடவுற ஒரு ஜெல், பாதி பேருக்கு மருந்து இருக்கிற ஜெல், மீதி பேருக்கு மருந்து இல்லாத ஜெல், யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது நமக்கும் தெரியாது. அம்மா அங்கேயே அழ ஆரம்பிச்சிட்டாங்க, "இவரு என்ன சோதனை எலியா"ன்னு. ஆனா தமிழ்லயே அச்சடிச்ச தகவல் தாளை டிரையல் வேலையைப் பார்த்துக்கிற கோஆர்டினேட்டர் பொண்ணு கையில குடுத்து, "வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிங்கம்மா, இன்னிக்கே கையெழுத்து போடணும்னு இல்ல"ன்னு சொல்லுச்சு. ராத்திரி நான் சத்தமா வாசிச்சேன், அப்பா கண்ணை மூடிக்கிட்டு கேட்டார். எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம், அதனால வழக்கமான வைத்தியம் நிக்காது, டிரையலால உடம்புக்கு ஏதாவது ஆனா வைத்தியமும் இழப்பீடும் அவங்க பொறுப்பு. இதெல்லாம் அவங்க பெரிய மனசு பண்ணி குடுக்கிறது இல்லங்க, 2019ல வந்த புது மருந்து, கிளினிக்கல் டிரையல் விதிகள்ல இருக்கிறது. தாள்ல சிடிஆர்ஐ நம்பர்னு ஒண்ணு இருந்துச்சு, அது 2007ல இருந்து நம்ம நாட்டுல நடக்கிற டிரையல்களைப் பதிவு பண்ற அரசாங்க பதிவேடு, 2009 ஜூன்ல இருந்து கட்டாயம். யாராவது உங்களை டிரையலுக்கு கூப்பிட்டா முதல்ல அந்த நம்பரைக் கேளுங்க, நெட்ல போட்டா யார் நடத்துறாங்க, எத்தனை பேரு, எதை அளக்குறாங்கன்னு எல்லாம் வரும்.

அப்பா ரெண்டு நாள் கழிச்சு கையெழுத்து போட்டார். "நமக்கு ஆவலைன்னாலும் வேற யாருக்காவது ஆவட்டும்மா"ன்னார்.

கையெழுத்து போட்டதும் ஜெல்லு குடுத்துடுவாங்கன்னு நினைச்சோம், இல்ல. நாலு வாரம் ரன்-இன்னு ஒண்ணு இருக்காம், அதுல மருந்தே கிடையாது, வழக்கமான வைத்தியத்தை மட்டும் ஒழுங்கா பண்ணிப் பார்ப்பாங்களாம். முதல் நாளே டாக்டர் புண்ணைச் சுத்தி இருந்த காய்ப்பையும் செத்த சதையையும் பிளேடால சீவி எடுத்தார், நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன், அப்பா டாக்டர்கிட்ட ஊர் மழை பத்தி பேசிட்டிருந்தார், அவ்வளவு மரத்துப்போச்சு. எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு ஒரு கம்பி விட்டுப் பார்த்தாங்க, போகல. கணுக்கால்ல பிரஷர் கட்டி ஒரு கருவி வச்சாங்க, ரத்தம் போற சத்தம் வுஷ்ஷு வுஷ்ஷுன்னு கேட்டுச்சு, அம்மாவுக்கு அதைக் கேட்டதும்தான் முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. அப்புறம் புண்ணு மேல ஒரு கண்ணாடித் தாளை வச்சு மார்க்கரால ஓரம் வரைஞ்சு, கட்டம் எண்ணி, 4.2 சதுர சென்டிமீட்டர்னு எழுதினாங்க. அஞ்சு மாசத்துல அந்தப் புண்ணை முதல் தடவையா ஒருத்தர் அளந்தாங்க.

கடைசியா முழங்கால் வரைக்கும் வர்ற ஒரு பெரிய பூட்ஸ் மாதிரி மாட்டி விட்டாங்க, பாதத்துல அந்த இடத்துல பாரம் விழாம பண்றது. தூங்கும்போது தவிர கழட்டக் கூடாது, பாத்ரூம் போற பத்து அடிக்கும் மாட்டித்தான் போகணும்னு கறாரா சொல்லிட்டாங்க.

இந்த பாரம் குறைக்கிற விஷயத்தை அப்புறம் தேடிப் படிச்சப்போ எனக்கு மனசு ஆறல. கொல்லிமலைல 1914ல பிறந்த பால் பிராண்ட்னு ஒரு டாக்டர், 1946ல வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்தவர், தொழுநோய்க்காரங்க காலும் கையும் தானா அழுகல, வலி தெரியாததால அடிபட்டு அடிபட்டுத்தான் போகுதுன்னு காட்டினார். அப்பா மாதிரி சுகரால மரத்துப்போன காலுக்கும் இதே கதைதான். நம்ம ஊர்ல பல வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்ச விஷயம். 1989ல அமெரிக்காவுல சர்க்கரை புண்ணு இருந்த 40 பேரை வச்சு ஒரு டிரையல் பண்ணிருக்காங்க, பாதத்தோட ஒட்டி மாவுக்கட்டு போட்டவங்க 21 பேர்ல 19 பேருக்கு ஆறிடுச்சு, சராசரியா 42 நாள்ல, வெறும் கட்டு மாத்துன 19 பேர்ல 6 பேருக்குத்தான் ஆறுச்சு. புது மருந்து எதுவும் இல்ல அதுல, மாவுக்கட்டு அவ்வளவுதான். அப்படியும் எங்க தெருக் கிளினிக் வரைக்கும் இது வந்து சேரல.

வாராவாரம் பஸ்ல சென்னை. வாராவாரம் சீவல், அளவு, பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ. 4.2, அப்புறம் 3.5, 2.8, 2.2. நாலாவது வாரம் முடிஞ்சு போனப்போ கண்ணாடித் தாள்ல வரைஞ்ச கோடு ஒரு புளியங்கொட்டை அளவுக்குத்தான் இருந்துச்சு, 1.7. அந்தப் பொண்ணு ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே, "ஐயா, உங்களை டிரையல்ல எடுக்க முடியாது"ன்னுச்சு. பாதிக்கு மேல சுருங்கிட்டா எடுக்க மாட்டாங்களாம். அப்பா முகம் வாடிப்போச்சு, ஏதோ இன்டர்வியூல ஃபெயிலான மாதிரி. "நான் தப்பா எதுவும் பண்ணலையேம்மா"ன்னு கேட்டார்.

டாக்டர் உக்கார வச்சு விளக்கினார். தானா ஆறப்போற புண்ணு மேல ஜெல்லைத் தடவினா பேரு ஜெல்லுக்குப் போயிடும். 2003ல வந்த ஒரு ஆய்வுல 203 பேரோட கால் புண்ணைத் தொடர்ந்து பார்த்திருக்காங்க, முதல் நாலு வாரத்துல பாதிக்கு மேல சுருங்கினவங்கள்ல 58% பேருக்கு 12 வாரத்துல முழுசா மூடிடுச்சு, சுருங்காதவங்கள்ல 9% பேருக்குத்தான். அந்த 9% பக்கம் இருக்கிறவங்களுக்குத்தான் புது மருந்து தேவை, டிரையலும் அவங்களுக்குத்தான்.

இதனாலதான் பெரிய டிரையல் முடிவுகளைப் பார்க்கும்போது மருந்து கிடைக்காத எதிர்ப்பக்கத்து நம்பரையும் சேர்த்துப் பாருங்கன்னு சொல்றேன். ஐரோப்பாவுல எக்ஸ்ப்ளோரர்னு ஒரு டிரையல், 2018ல வெளியாச்சு, 240 பேரு, சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட்னு ஒரு மருந்து தடவின கட்டு போட்டவங்களுக்கு 20 வாரத்துல 48% ஆறுச்சு, அதே கட்டு மருந்து இல்லாம போட்டவங்களுக்கு 30%. அதே வருஷம் லியூகோபேட்ச், நோயாளியோட சொந்த ரத்தத்துல இருந்தே செய்யற ஒட்டு, அதைப் போட்டவங்களுக்கு 34% ஆறுச்சு, போடாதவங்களுக்கு 22%. விளம்பரத்துல முதல் நம்பர்தான் வரும். மருந்தே இல்லாம ஆறின அந்த 30% பேருக்கும் 22% பேருக்கும் என்ன கிடைச்சுதுன்னா, அப்பாவுக்கு நாலு வாரம் கிடைச்ச அதே கவனிப்புதான். ஆறுச்சுன்னு சொல்றதுக்கும் கணக்கு இருக்கு, தோல் முழுசா மூடி, கசிவு இல்லாம, கட்டே தேவைப்படாம, ரெண்டு வாரம் கழிச்சு திரும்பப் பார்த்தாலும் அப்படியே இருக்கணும். சும்மா காஞ்ச மாதிரி தெரியறது கணக்குல வராது.

டிரையல்ல இல்லைன்னாலும் அதே ஓபில அதே வைத்தியத்தைத் தொடர்ந்தாங்க. பதினோராவது வாரம் மூடுச்சு, பதிமூணாவது வாரம் போய்ப் பார்த்தப்பவும் மூடித்தான் இருந்துச்சு. இப்ப எம்சிஆர் செருப்பு, மரத்துப்போன காலுக்குன்னே மெத்துனு ரப்பர்ல செய்யறது, வீட்டுக்குள்ளயும் அதுதான். ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி அம்மா டார்ச் அடிச்சு ரெண்டு பாதத்தையும் விரலிடுக்கு வரைக்கும் பார்க்கிறாங்க, அப்பா சலிச்சுக்காம காலை நீட்டுறார்.

அந்த டிரையல் இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கு, மாசம் ஒரு தடவை அந்த சிடிஆர்ஐ நம்பரைப் போட்டுப் பார்க்கிறேன். அப்பாதான் பார்க்கச் சொல்றார். "என் எடத்துல வேற ஒருத்தரை எடுத்திருப்பாங்கல்லம்மா, அவருக்கு ஆறியிருக்குமா?"ன்னு போன வாரம்கூட கேட்டார்.